தறிக்கு வேலை கிடைத்தது

புனித அன்னம்மாளின் இடுப்பு வரை வந்த பிறகு தறி நின்றுவிட்டது.

பாதங்கள் முடிந்திருந்தன. பச்சைப் பாவாடையின் மடிப்புகள் முடிந்திருந்தன. பக்கத்தில் புத்தகத்தோடு நிற்கும் சிறுமி மரியா முழுதாகவே முடிந்துவிட்டாள். அவள் தலையை நிமிர்த்தி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க அங்கே முகம் இல்லை, நெடுக்கே இழுத்துக் கட்டிய வெறும் பாவு நூல்தான் இருந்தது. மலிஞ்சே மலைப் பக்கம் விழுந்த இடி ஒன்று சியாவுதெம்பான் ஊரின் மின்கம்பி வழியாக இறங்கி வந்து, தறிக்கு மூளையாக இருந்த கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டது. சாம்பல் நிறப் பெட்டியிலிருந்து கருகிய நாற்றம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

தறியை ஓட்டும் ருத்திலியோ தெக்சிஸ் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பின்பக்கம் ஊதிப் பார்த்தார். சிலுவைக் குறி போட்டுவிட்டுச் சுவிட்சை மறுபடி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

அது பெல்ஜியத்தில் செய்த எலக்ட்ரானிக் ஜக்கார்டு தறி. குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை நூலுக்கும் எந்தெந்தப் பாவு நூல் எழும்ப வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொன்னால்தான் எழும்பும். சொல்லாவிட்டால் மோட்டார் சுற்றும், சத்தம் வரும், துணி வராது. ஒன்பது குடும்பங்கள் சேர்ந்த கூட்டுறவு சங்கத்தின் பட்டறையில் அது நின்றாலும், சொந்தக்காரர் மாநிலத் தலைநகரில் இருக்கும் தறி நவீனமயமாக்கல் இயக்குநரகம். கம்ப்யூட்டர்ப் பெட்டியின் மேல் இயக்குநரகத்தின் முத்திரை ஒட்டியிருந்தது. பக்கத்துக் கிராமத்துச் சங்கம் ஒன்று இப்படித்தான் கெட்டுப்போன பெட்டியைக் கழற்றிவிட்டு யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டரை மாட்டியது. மறுநாள் இயக்குநரகத்து லாரி வந்து தறியையே தூக்கிக்கொண்டு போய்க் கிடங்கில் போட்டது. பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள். கிடங்கில் அதன்மேல் கோழி அடைகிறது என்று கேள்வி.

சாயங்காலம் தோன் அபுந்தியோ வந்தார். தோன் என்பது அங்கே ஐயா என்பது போல ஒரு மரியாதை. அந்த வருஷம் அன்னம்மாள் திருவிழாவை ஏற்று நடத்துபவர் அவர். ஊர்வலத்தில் அன்னம்மாளின் சுரூபத்துக்குப் பின்னால் விரித்துப் பிடித்துச் செல்ல ஆளுயரத் துணியைத் தன் செலவில் நெய்யச் சொல்லியிருந்தார். அதை ஊர் முழுக்கச் சொல்லியும் இருந்தார். ஞானஸ்நான உறவில் அவரும் ருத்திலியோவும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இடுப்பு வரைக்கும் இருக்கற அம்மாவ எப்பிடி கொம்பாத்ரே ஊர்வலத்துல கொண்டு போறது?" என்றார். "போன வருஷம் என் மச்சான் எடுத்த திருவிழாவுல வாணவேடிக்க நனைஞ்சு போச்சு. ஒரு வருஷமா அவன நான் கேலி பண்ணிட்டிருக்கேன். இப்ப அவன் என் மூஞ்சிய பாத்தா என்ன ஆகும்?"

"திருவிழா ஜூலைக் கடைசியிலதானே, இன்னும் நாள் இருக்கு கொம்பாத்ரே. நான் ஆபீசுக்குப் போய் சொல்லிட்டு வரேன்" என்றார் ருத்திலியோ.

"சொல்லிட்டு வரேன்னுதான் எல்லாரும் போறாங்க" என்றாள் அவர் மனைவி தொமாசா, நூல் கண்டைச் சுற்றியபடியே.

இயக்குநரகம் மூன்று மாடிக் கட்டடம். முன்கூடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மரத்தறி இருந்தது. தொடக்கூடாது என்று எழுதியிருந்தது. அந்த அறிவிப்பை ஊழியர்கள் எல்லாத் தறிகளுக்கும் பொதுவானதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் மாடியில் கம்ப்யூட்டர் பிரிவு. அதன் தலைவர் பெர்முதெஸ். படித்துப் பட்டம் வாங்கியவரை அந்த ஊரில் லிசென்சியாதோ என்று அழைப்பது வழக்கம். வாங்காதவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் அழைப்பார்கள், எதற்கு வம்பு என்று.

"கம்ப்யூட்டர் எங்க இருக்கு?" என்று கேட்டார் பெர்முதெஸ்.

"தறியில, லிசென்சியாதோ."

"தறியிலயா, தறிக்குப் பக்கத்துலயா?"

"தறியோட கை மாதிரி ஒரு கம்பி நீட்டிட்டு இருக்கும். அதுல தொங்குது."

"அப்ப அது கை. கை காலெல்லாம் மெஷின் பிரிவு. ரெண்டாவது மாடி."

இரண்டாவது மாடியில் இன்ஜினியர் ஓல்வேரா அம்மையார் இருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அதுல தட்டறதுக்குக் கீபோர்டு இருக்கா?"

"இருக்குங்க."

"கீபோர்டு இருக்கறதெல்லாம் கம்ப்யூட்டர் பிரிவுதான். பியானோவத் தவிர."

ருத்திலியோ கீழே வந்தார். பெர்முதெஸ் கோபப்படவில்லை. கீழே மேலே போய்வரும் ஆட்களைப் பார்த்துப் பழகியவர் அவர்.

"சரி, புகார் பதிவு பண்ணிடலாம். ஆனா கெட்டுப்போன கம்ப்யூட்டர்லேர்ந்துதான் புகார் வரணும். இல்லாட்டி கெட்டுப்போனது அதுதான்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அது ஓடலியே, லிசென்சியாதோ."

"அதத்தான் அதுல எழுதி அனுப்புங்கன்னு சொல்றேன்."

ருத்திலியோ வீட்டுக்கு வந்து இதைத் தொமாசாவிடம் சொன்னார். அவள், "அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லாமப் போனா டாக்டர்கிட்ட யாரு போவாங்க?" என்று கேட்டாள்.

ருத்திலியோ விடாமல் போய் நின்றதால் கடைசியில் இரு பிரிவும் சேர்ந்த குழு ஒன்று சியாவுதெம்பானுக்கு வந்தது. தொமாசா மோலே பிரியெத்தோ வைத்திருந்தாள். கருத்த மிளகாய்க் குழம்பு, பன்றிக்கறி போட்டது. திருவிழாவுக்கு மட்டும் வைப்பது. குழு முதலில் குழம்பை ஆராய்ந்தது. பிறகு இன்னொரு முறை ஆராய்ந்தது. அதன் பின் ஓல்வேரா அம்மையார் டேப்பை எடுத்துத் தறிக்கும் பெட்டிக்கும் நடுவே அளந்தார். பெர்முதெஸ் எதிர்த்திசையிலிருந்து அளந்தார். இருவரும் தனித்தனியே குறித்துக்கொண்டார்கள். சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வரவில்லை.

முடிவை பெர்முதெஸ் அறிவித்தார். பெட்டி கம்ப்யூட்டர் பிரிவுக்கு, தறி மெஷின் பிரிவுக்கு. நடுவில் ஓடும் கேபிள் யாருக்கு என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. அது எவருக்கும் சொந்தமில்லாத பகுதியாக வைக்கப்பட்டது.

"அப்ப பெட்டி உங்களுது" என்றார் ருத்திலியோ நம்பிக்கையோடு. "ரிப்பேர் பண்ணிடுவீங்களா?"

"தோன் ருத்திலியோ, இத்தன வருஷத்துல எங்க பிரிவுல ஒரு தப்பான ரிப்பேர்கூட நடந்ததில்ல."

"சரியான ரிப்பேர்?" என்று கேட்டாள் தொமாசா.

"அதுக்குப் புள்ளிவிவரத்துல தனிக் கட்டம் இருக்கு. இன்னும் அத திறக்கல."

பெர்முதெஸ் கை கழுவிவிட்டு விளக்கினார். அந்தப் பெட்டிக்கு உயிர் கொடுக்க முடியாது, அவ்வளவு பழசு. புதுசுதான் கொடுக்க வேண்டும். ஆனால் புதுக் கம்ப்யூட்டர் இயக்குநரகத்தின் ஊழியர்களுக்குத்தான் கொடுக்கலாம்.

"மெஷினுக்குக் கம்ப்யூட்டர் குடுக்க விதி இல்ல. மெஷின்கிட்ட கம்ப்யூட்டர குடுத்தா அது என்ன பண்ணும்?"

"வேலை செய்யும், லிசென்சியாதோ."

"அதான் சொல்றேன். அதுக்கெல்லாம் எங்ககிட்ட ஏற்பாடு இல்ல."

மோலே கொஞ்சம் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு குழு கிளம்பியது. தோன் அபுந்தியோ வாசலில் காத்திருந்து என்ன ஆச்சு என்று கேட்டார். கேபிளைத் தவிர எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள் என்று ருத்திலியோ சொன்னார். தோன் அபுந்தியோ உள்ளே போய்ப் பாதி அன்னம்மாள் முன் தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டு வந்தார். கும்பிடும்போது கண்ணை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மாடியில் ஊழியர் பிரிவு. அங்கே கிரிசெல்தா என்றொரு பெண். ருத்திலியோ தப்பான கதவைத் திறந்துதான் அங்கே போனார். அவள் மட்டும்தான் அந்தக் கட்டடத்தில் அவரை உட்காரச் சொன்னவள். முழுக் கதையையும் கேட்டாள். சிரிக்கவில்லை. ஜவ்வு மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"ஊழியருக்குத்தான் கம்ப்யூட்டர்னா, ஊழியரா ஆக்கிட்டாப் போச்சு. இந்த சிஸ்டம் கேக்கறத நாம குடுத்தா, நாம கேக்கறத அது குடுத்துரும். நானே அப்பிடித்தான் இங்க வந்தேன். பேரு சொல்லுங்க."

"ருத்திலியோ தெக்சிஸ்."

"உங்க பேரு இல்ல. அதோட பேரு."

"அதுக்குப் பேருன்னு ஒண்ணும் இல்லீங்களே. தறி. தெலார்னு சொல்லுவோம்."

"தெலார். நல்ல பேரு. அப்பா வழிப் பேரு?"

"பெல்ஜியத்துல செஞ்சாங்க."

"பெல்கா. அம்மா வழிப் பேரு?"

"அம்மான்னு யாரும் இல்ல. எண்ணெய் போடறது, துடைக்கறது, ராவுல ஒழுகுதான்னு எழுந்து பாக்கறது எல்லாம் நாந்தான்."

"அப்ப தெக்சிஸ்" என்று தன் கம்ப்யூட்டரில் அடித்தாள் கிரிசெல்தா. "வயசு?"

"இங்க வந்து பன்னெண்டு வருஷம்."

திரை சிவப்பானது. பன்னிரண்டு வயதுச் சிறுவரை வேலைக்கு வைப்பது குற்றம் என்று எச்சரித்தது. கிரிசெல்தா நகத்தைக் கடித்தாள். அந்த மாடல் அதற்கும் பல வருஷம் முன்பே வந்தது, சியாவுதெம்பானுக்கு வருமுன் வேறெங்கோ ஓடியது என்று ருத்திலியோ ஞாபகப்படுத்திச் சொன்னார். பிறந்த வருஷத்தைப் பின்னால் தள்ளியதும் திரை பச்சையானது. அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். நெற்றி தெரிய வேண்டும், கண்ணாடி அணியக் கூடாது, சிரிக்கக் கூடாது. ருத்திலியோ ஊருக்குப் போய்த் தறியை நேர் எதிரே நின்று படம் எடுத்து அனுப்பினார். சிரிக்காமல் இருப்பதில் தறிக்குச் சிரமம் இருக்கவில்லை.

இப்படித்தான் தெலார் பெல்கா தெக்சிஸ் இயக்குநரகத்தின் ஊழியரானார். தறியை அவர் இவர் என்று சொல்வது ருத்திலியோவுக்கு வாயில் வரவில்லை. ஆனால் வந்த கடிதங்களில் எல்லாம் அப்படித்தான் இருந்தது. மரியாதைக்குரிய தோன் தெலார் அவர்களுக்கு என்று தொடங்கியது நியமனக் கடிதம். கம்ப்யூட்டர், முறைப்படி வேலையில் சேர்ந்த பின் வழங்கப்படும் என்று முடிந்தது.

அடுத்த கடிதம் விளக்கம் கேட்டு வந்தது. தோன் தெலார் வேலையில் சேர வேண்டிய நாளில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அன்றாடம் காலையில் தலைநகருக்கு வந்து வருகையைப் பதிய வேண்டும் என்பதை அவர் அறிவாரா?

ருத்திலியோ கடிதத்தைத் தொமாசாவிடம் நீட்டினார். "இப்ப என்ன எழுதறது? வேலைய விட்டுத் தூக்கிட்டா கம்ப்யூட்டரும் போச்சு, தறியும் போச்சு."

"உள்ளத எழுது" என்றாள் தொமாசா. அவளே எழுதினாள்: இவரால் நடக்க முடியாது. கால்கள் தரையோடு போல்ட் போடப்பட்டிருக்கின்றன.

அந்தப் பதில் கட்டடத்தின் எல்லா மாடிகளையும் உலுக்கியது. ஊழியர் நலப்பிரிவில் இரண்டு பேர் அழுதார்கள். ஒரு வாரம் கழித்து சியாவுதெம்பான் பட்டறை வாசலில் சிமெண்டு லாரி வந்து நின்றது. கம்ப்யூட்டர்தான் வருகிறது என்று ஓடி வந்த ஒன்பது குடும்பங்களின் கண்ணெதிரே சக்கர நாற்காலி ஏறி இறங்கச் சாய்தளம் ஒன்று கட்டப்பட்டது. இருபக்கமும் கைப்பிடிக் கம்பி. நீல வண்ணம்.

திறப்பு விழாவுக்கு இயக்குநர் டாக்டர் அரிஸ்மெந்தியே வந்தார். அவர் எதில் டாக்டர் என்பது யாருக்கும் தெரியாது. ரிப்பனை வெட்டினார், ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே, நான் பொறுப்பேத்தப்ப இந்த மாநிலத்துல எத்தன தறி நிக்குதுன்னு யாருக்கும் தெரியாது. இன்னிக்கு ஒவ்வொரு நிக்கற தறியையும் துல்லியமா எண்ணி வெச்சிருக்கோம். எல்லாத் தறியும் ஓடற நாள் வரும்னு அப்பவே அறிக்கை விட்டேன். அந்த அறிக்கை இப்ப மூணாவது பதிப்பு வந்திருக்கு. சில பேர் கேக்கறாங்க, சாய்தளத்துக்குப் பதிலா ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கலாமேன்னு. நான் அவங்கள கேக்கறேன். கம்ப்யூட்டர் இன்னிக்கு வரும், நாளைக்குக் கெட்டுப்போகும். சிமெண்டு கெட்டுப்போகுமா?"

கைதட்டினார்கள். தோன் அபுந்தியோவும் தட்டினார். ரொம்ப நேரமாக உட்கார்ந்ததில் கை மரத்துப் போயிருந்தது.

"நம்ம தெலார் எங்க?" என்று கேட்டார் இயக்குநர், கைப்பேசியைப் பார்த்தபடியே. உள்ளே என்று ருத்திலியோ காட்டினார். வெளியே வெயில், உள்ளே இருட்டு. இயக்குநர் வாசலிலிருந்தே கையை உயர்த்தினார்.

"எழுந்திருக்க வேணாம். தயவு செஞ்சு எழுந்திருக்க வேணாம்" என்றார். தறி எழுந்திருக்கவில்லை. இயக்குநர் நெகிழ்ந்து போய்க் காரில் ஏறினார்.

கூட வந்திருந்த கிரிசெல்தா பின்தங்கி நின்று ருத்திலியோவின் காதில் சொன்னாள். "நடக்க முடியாதவர ஆபீசுக்கு வரச் சொல்ல முடியாது. வீட்டுலேர்ந்தே வேலை செய்ய உத்தரவு போடலாம். அப்பிடிப் போட்டா சட்டப்படி கம்ப்யூட்டர் குடுத்தே ஆகணும். அந்த உத்தரவ நான் அடிச்சு அனுப்பிட்டேன். என்னென்னமோ வரும். வர்றத எல்லாம் வாங்கி வையுங்க."

முதலில் முதுகுவலி வராத சுழல் நாற்காலி வந்தது. பிறகு கால் வைத்துக்கொள்ள ஒரு பலகை வந்தது. பிறகு கண்ணுக்கு இதமான மேசை விளக்கு. நாற்காலியைத் தறிக்கு எதிரே போட வேண்டும் என்பது விதி. தொமாசா அதில் உட்கார்ந்து சோளம் உதிர்த்தாள். தோன் அபுந்தியோ தினமும் வந்தார், இரண்டு சுற்று சுற்றினார், பெருமூச்சு விட்டார். அவர் மச்சானும் ஒரு நாள் வந்தார். துணியைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விசில் அடித்தபடி போனார். அதற்குப் பேசியிருக்கலாம் என்றார் தோன் அபுந்தியோ.

"ருத்திலியோ, மனசத் தொட்டுச் சொல்லு. முடியுமா முடியாதா? முடியாதுன்னா இப்பவே பூவால ஏதாவது ஜோடிச்சு மேல்பாதிய மறைச்சுக்கறேன்."

"முடியும் கொம்பாத்ரே" என்றார் ருத்திலியோ. அன்று அவர் சாப்பிடவில்லை. முடியாமல் போனால் தறி இருந்தும் பயனில்லை என்று சொல்லி ஆபீஸ்காரர்களே அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒன்பது குடும்பத்துக்கும் தெரியும்.

ஜூலை பாதி கழிந்த பின் கம்ப்யூட்டர் வந்தது. மெல்லியது, வெள்ளியாய் மின்னியது. அட்டைப்பெட்டியின் மேல் தோன் தெலார் அவர்களின் பெயர் ஒட்டியிருந்தது. ருத்திலியோ பழைய கேபிளை எடுத்து அதில் செருகப் போனார். செருக இடமே இல்லை. பழைய கேபிளின் தலை கட்டைவிரல் பருமன். புதிய கம்ப்யூட்டரின் ஓட்டைகள் கடுகளவு.

"கேபிள மாத்தலாமா?" என்று கேட்டாள் தொமாசா.

"ஆபீஸ் சொத்து. தொட்டா லாரி வரும்."

"எந்த ஆபீஸ் சொத்து? அது யாருக்கும் சொந்தமில்லன்னு அவங்கதானே சொல்லிட்டுப் போனாங்க, நம்ம வீட்டு மோலேவ தின்னுட்டு?"

ருத்திலியோ கேபிளைக் கீழே வைத்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். கைப்பேசி உறைகளும் ரிமோட்டுகளும் விற்கும் கடையில், பருத்த தலையை மெல்லிய ஓட்டைக்கு மாற்றித் தரும் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. தக்காளி வாங்குவது போல வாங்கி வந்தார்.

சுவிட்சைப் போட்டார்கள். கம்ப்யூட்டர் விழித்து, ஊழியரின் முகத்தைக் காட்டச் சொன்னது. ருத்திலியோ தன் முகத்தைக் காட்டினார். நீங்கள் தோன் தெலார் இல்லை என்றது. தொமாசா காட்டினாள். அவளும் இல்லை. தோன் அபுந்தியோ மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு காட்டினார். மூன்று பேரும் தவறானவர்கள், இன்னொரு தவறு நடந்தால் பூட்டிக்கொள்வேன் என்று மிரட்டியது.

"அட்டையில யாரு படம் இருக்கு?" என்றாள் தொமாசா.

ருத்திலியோ கம்ப்யூட்டரைத் தூக்கி, குழந்தைக்கு நிலா காட்டுவது போலத் திருப்பித் தறிக்கு எதிரே பிடித்தார். விளக்கைப் போட்டார்கள். வாருங்கள், தோன் தெலார், இன்று அருமையான நாள் என்று சொல்லிக் கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

சங்கத்தில் துணிக்குப் பூ வரைகிறவர் தன்னிடமிருந்த டிசைனை ஏற்றினார். பழைய புரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டரில் ஒப்புக்கொள்ள வைக்க ஒரு பகல் முழுக்க ஆனது. பிறகு ருத்திலியோ பொத்தானை அழுத்தினார். பாவு நூல்கள் எழும்பின. ஊடை பாய்ந்தது. தறி போட்ட சத்தத்தில் தெருநாய்கள் எழுந்து போயின. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒன்பது வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து சாய்தளத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

புதுக் கம்ப்யூட்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மணிக்கொரு தரம் வேலையை நிறுத்தி, தோன் தெலார், எழுந்து நின்று தோளைச் சுழற்றுங்கள் என்றது. சுழற்றாவிட்டால் மறுபடி ஓடாது. கேமரா முன்னால் யாராவது தோளைச் சுழற்ற வேண்டியிருந்தது. ஒன்பது குடும்பமும் முறை வைத்துச் சுழற்றியது. தோன் அபுந்தியோவுக்கு வெகுநாளாக இருந்த கழுத்து வலி அதில் போய்விட்டது.

அன்னம்மாளின் இடுப்புக்கு மேலே மார்பு வந்தது. புத்தகத்தின் பக்கம் சுட்டிய கை வந்தது. கழுத்து வந்தது. முகம் வரத் தொடங்கியபோது தொமாசா எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். மோவாய், உதடு, மூக்கு, கடைசியில் கண்கள். கண்கள் கீழே பார்த்தன. சிறுமி மரியா இத்தனை நாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது வீண் போகவில்லை. தோன் அபுந்தியோ தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார். தூசு என்றார்.

திருவிழா அன்று மழை இல்லை. துணியை எட்டுப் பேர் விரித்துப் பிடித்துச் சென்றார்கள். அவர்களில் ஒருவர் தோன் அபுந்தியோவின் மச்சான். அவரைத் தேடிப் போய்க் கூப்பிட்டு முன்பக்க மூலையைக் கொடுத்தது தோன் அபுந்தியோவேதான். ஜெயித்த பிறகு அவரால் பெருந்தன்மையாக இருக்க முடிந்தது.

டிசம்பரில் தோன் தெலாருக்கு அழைப்பு வந்தது. இயக்குநரகத்தின் ஆண்டு விழா, ஆண்டின் சிறந்த ஊழியர் விருது, குடும்பத்தோடு வரவும். ருத்திலியோவும் தொமாசாவும் ஞாயிற்றுக்கிழமைத் துணி உடுத்திக்கொண்டு போனார்கள். அரங்கம் நிறைய ஊழியர்கள். பெர்முதெஸும் ஓல்வேரா அம்மையாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். மேடையில் அன்னம்மாள் துணியின் படம் பெரிதாகத் தொங்கியது.

"போன வருஷம் நம்ம இயக்குநரகம் நெய்த துணி எதுவும் இல்ல" என்று ஆரம்பித்தார் டாக்டர் அரிஸ்மெந்தி. "அதுக்கு முந்தின வருஷமும் அதே அளவு. நிலையா இருந்தோம். இந்த வருஷம் ஒரு துணி. இந்த வளர்ச்சிய எந்த சதவீதத்துல சொல்றதுன்னு நிபுணர்கள் திணறிட்டு இருக்காங்க. இத்தன பேர் இருக்கற நம்ம குடும்பத்துல ஒரே ஒருத்தர் தறியில கை வெச்சிருக்கார். உடம்பு முடியாதவர். வீட்டுலேர்ந்து வேலை பாக்கறவர். அப்ப நாமெல்லாம் ஆபீசுக்கு வர்றதாலதான் வேலை நடக்கலியோன்னு எனக்கே ஒரு யோசனை வந்திருக்கு. அத ஆராய ஒரு குழு போடறேன். தோன் தெலார், மேடைக்கு வாங்க, ரெண்டு வார்த்த பேசுங்க."

யாரும் எழவில்லை. தொமாசா முழங்கையால் இடித்ததும் ருத்திலியோ எழுந்தார். கால் எங்கே போகிறது என்று தெரியாமல் மேடை ஏறினார். இயக்குநர் கட்டிப்பிடித்தார். இப்போது நன்றாக நடக்கிறீர்களே என்று மகிழ்ந்தார்.

"நான் அவரு இல்லீங்க" என்றார் ருத்திலியோ ஒலிபெருக்கியில். தன் வாயிலிருந்து அவரு என்று வந்ததை அவரே கவனிக்கவில்லை. "நான் அவருக்கு எண்ணெய் போடறவன். அவரால வர முடியல. வந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டாரு. அவருக்குப் பேச வராது. நூல மாட்டி விட்டா நெய்வாரு. நல்லாத்தான் நெய்வாரு. அவ்வளவுதாங்க."

முன்வரிசையில் பல பேர் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். என்ன அடக்கம் என்று இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்துக் கிரிசெல்தா போன் செய்தாள். தோன் தெலார் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதது மற்ற ஊழியர்களின் மனதைப் புண்படுத்துவதாக ஊழியர் சங்கம் புகார் கொடுத்திருக்கிறது. எனவே கட்டாய விடுப்பு. விடுப்பு முடியும்வரை கம்ப்யூட்டர் பூட்டியிருக்கும்.

"ஐயோ, போர்வை ஆர்டர் இருக்கே" என்றார் ருத்திலியோ.

"ஒண்ணும் பண்ண முடியாது. லீவுல வேலை செஞ்சா கேஸ் போட்டுருவாங்க. ஆனா வெராகுரூஸ் கடற்கரையில ஊழியர் விடுதி இருக்கு. சிறந்த ஊழியருக்கும் குடும்பத்துக்கும் இலவசம், பஸ் உட்பட. தோன் தெலார் குடும்பத்துல எத்தன பேரு?"

ருத்திலியோ பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். நூல் சுற்றுகிறவர்கள், ஓரம் தைக்கிறவர்கள், பூ வரைகிறவர், வாசலில் தோன் அபுந்தியோ.

"பெரிய குடும்பங்க" என்றார். "எல்லாரும் அவர நம்பித்தான் இருக்கோம்."

"அப்ப ரெண்டு பஸ்" என்று கீபோர்டில் தட்டினாள் கிரிசெல்தா.

அப்படித்தான் ருத்திலியோ தெக்சிஸ் தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தொமாசா பொரித்த மீனை முள் எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரத்தில் தோன் அபுந்தியோவும் அவர் மச்சானும் நீச்சல் தெரியுமென்று ஒருவரையொருவர் நம்ப வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன யோசனை, கெழவா?"

"இந்த உப்புக்காத்து அவருக்கு ஆகாது. கம்பியெல்லாம் துரு ஏறிப்போயிடும். இல்லாட்டி எப்பிடியாவது கூட்டிட்டு வந்திருக்கலாம்."

தொமாசா மீன் துண்டை அவர் கையில் வைத்தாள். விரலை நக்கிக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

"கூட்டிட்டு வந்திருந்தா இங்கயும் வேலைதான் பாத்துட்டிருப்பாரு" என்றாள், கொஞ்சமும் சிரிக்காமல். "விடு. நாலு நாளு தூங்கட்டும் மனுஷன்."